5 ரூபாய் காசுக்கு 10 லட்சமாம்! வாங்குகிற ஆள் எங்கே?

மதுரை:-

செல்லாத 5 பைசாவுக்கு ஒரு பிரியாணி!

2021-ம் ஆண்டு ஜூலை மாதம் மதுரை செல்லூரில் புதிதாகத் திறந்த ஒரு பிரியாணிக் கடை இப்படி விளம்பரம் செய்தது. அவ்வளவுதான். எங்கெங்கோ கிடந்த 5 பைசாவைத் தேடிப் பிடித்து, காசும் கையுமாக 300 பேருக்கு மேல் திரண்டு விட்டார்கள். அது கொரோனா காலம். கூட்டம் நெருக்கியடித்ததால் கடையை மூட வேண்டியதாயிற்று.

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள சில்லறையும் 2011-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதியோடு செல்லாமல் போய்விட்டன. பிச்சைக்காரர் கூட வாங்காத காசு அது. அந்தக் காசுக்கு அன்று ஒரு பிரியாணி விலை கிடைத்தது.

அது பொய் விலை அல்ல. வாங்குகிறவர் எதிரே நின்றார். அவர் கையில் பிரியாணி இருந்தது. காசைக் கொடுத்தவர் சாப்பிட்டார். மறுநாள் அதே 5 பைசா மறுபடியும் செல்லாக்காசு. விளம்பரம் முடிந்தது, விலையும் முடிந்தது.

அதே 2021-ல் செல்போன்களில் இன்னொரு விளம்பரமும் சுற்றிக் கொண்டிருந்தது. மாதா வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாய் காசு உங்களிடம் இருக்கிறதா? 10 லட்சம் ரூபாய்! 786 என்று எண் முடியும் நோட்டு இருக்கிறதா? பல லட்சம்! பழைய 1 ரூபாய் நோட்டு இருக்கிறதா? வீட்டில் இருந்தபடியே லட்சாதிபதி ஆகலாம்!

இங்கே வாங்குகிறவர் எதிரே நிற்கவில்லை. அவர் கையில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. கதையே இங்குதான் ஆரம்பம்.

"செலக்ட் ஆயிருச்சும்மா!"

இந்த மோசடிப் பேர்வழிகள் வலை விரிக்கும் விதம் ஊருக்கு ஊர் ஒன்றுதான்.

முதலில் விளம்பரம். அதில் ஒரு போன் நம்பர். காசை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்-அப்பில் அனுப்பச் சொல்வார்கள். அனுப்பிய சிறிது நேரத்திலேயே போன் வரும். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் ஓடும்.

"அம்மா, வாழ்த்துக்கள். உங்க காசு செலக்ட் ஆயிருச்சு. எட்டு லட்சத்துக்கு பார்ட்டி ரெடி."

"நெசமாவா தம்பி?"

"நெசந்தான்மா. ரிசர்வ் பேங்க் அப்ரூவல் ஒண்ணு வாங்கணும். அதுக்கு ரெஜிஸ்டர் பீஸ் மட்டும் கட்டிருங்க. சாயங்காலம் நம்ம ஆள் பணத்தோட வீட்டுக்கே வந்துருவாரு."

ரெஜிஸ்டர் பீஸ் சில நூறு ரூபாய்தான் இருக்கும். எட்டு லட்சம் வரப் போகிற வீட்டில் சில நூறு பெரிசா என்ன? கட்டி விடுவார்கள்.

உடனே வாட்ஸ்-அப்பில் ஒரு சான்றிதழ் வந்து விழும். அசோகச் சக்கரம், ரிசர்வ் வங்கி முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். எல்லாமே போலி! கட்டுக்கட்டாகப் பணத்தை அடுக்கி வைத்திருக்கும் போட்டோவும் கூடவே வரும்.

அடுத்தது ஜி.எஸ்.டி. அதற்கடுத்தது வருமான வரி. பிறகு பணம் கொண்டு வரும் வண்டிக்கு வாடகை, இன்சூரன்ஸ், வழியில் செக்போஸ்டில் மாட்டிக் கொண்டதற்கு அபராதம். நூறு ஆயிரமாகும். ஆயிரம் பத்தாயிரமாகும். கொடுத்ததை விட்டுவிட மனசு வராது. "இம்புட்டு கட்டியாச்சு, இன்னும் கொஞ்சந்தானே!" என்ற எண்ணம்தான் ஆளை மேலும் மேலும் இழுக்கும்.

ஒருநாள் அந்தப் போன் அணைந்து விடும். ஆசாமி கம்பி நீட்டி விடுவார். ஐந்து ரூபாய்க் காசு மட்டும் பத்திரமாக வீட்டிலேயே இருக்கும்.

இதில் சிக்குகிறவர்கள் நாணயம் சேகரிப்பவர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். சேகரிப்பவருக்கு விலை தெரியும். சிக்குவது கடன் அடைக்க வழி தேடுகிறவர்கள், மகள் கலியாணத்துக்குப் பணம் புரட்டுகிறவர்கள், வேலை போய் வீட்டில் இருப்பவர்கள். கையில் இருக்கிற ஒரே நகையை அடகு வைத்து "வரி" கட்டுகிறவர்களும் இவர்கள்தான்.

ரிசர்வ் வங்கி என்ன சொன்னது?

விஷயம் இந்தியா முழுவதும் முற்றிப் போய், 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந்தேதி ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் சிலர் மோசடியாகப் பயன்படுத்துகிறார்கள். கட்டணம், கமிஷன், வரி என்று பொதுமக்களிடம் பணம் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கி இப்படிப்பட்ட வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை. எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை. தன் சார்பில் வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும், எந்த நபருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை. இதுதான் அந்த அறிவிப்பின் சாரம்.

அதாவது, "ரிசர்வ் வங்கி அப்ரூவல்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே போனை வைத்து விடலாம். பழைய காசு விற்க அப்படி ஓர் அப்ரூவலே கிடையாது.

மல்லிகைப் பூ மார்க்கெட் கணக்கு

சரி, பழைய காசுக்கு விலையே இல்லையா? நிச்சயமாக உண்டு. ஆனால் அந்த விலை எப்படி உருவாகிறது என்பதுதான் விஷயம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முகூர்த்த நாளில் மல்லிகை விலை வானத்துக்குப் போகும். வரத்து அதிகமான நாளில் கூடை கூடையாகத் தேங்கும். பூ அதே பூதான், மணமும் அதே மணம்தான். வரத்து எவ்வளவு, வாங்க வந்தவர் எத்தனை பேர் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

காசுக்கும் மூன்று கேள்விகள்தான். எத்தனை அடித்தார்கள்? இன்று எத்தனை மிச்சம் இருக்கிறது? உங்கள் கையில் இருப்பது தேயாமல் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது?

வைஷ்ணவ தேவி 5 ரூபாய் காசு 2012-ல் வந்தது. பொதுமக்கள் புழக்கத்துக்காகவே அடித்த காசு அது. டவுன் பஸ் கண்டக்டர் பையிலும், டீக்கடைக் கல்லாவிலும் புழங்கியது. அப்படி ஊரெல்லாம் இறைந்து கிடக்கும் ஒன்றுக்கு எவர் 10 லட்சம் தருவார்? தேய்ந்த காசு என்றால் 5 ரூபாய்க்குக் கடையில் மாற்றிக் கொள்ளலாம். அவ்வளவுதான்.

நேரு மறைந்தபோது 1964-ல் வந்த ரூபாய், இந்திரா காந்தி மறைவுக்குப் பிறகு 1985-ல் வந்த காசுகள், உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-ல் வந்த திருவள்ளுவர் காசு, காமராஜர் நூற்றாண்டுக் காசு, அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த 5 ரூபாய், எல்லாம் இதே கதைதான். பார்க்கப் பிரியமானவை. பிள்ளைகளுக்குக் காட்டி வைத்துக் கொள்ள வேண்டியவை. சாதாரணமாகப் புழங்கிய நிலையில் லட்சம் பெறுபவை அல்ல.

1968 முதல் 1971 வரை வந்த தாமரைப்பூ 20 பைசாவை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சளாகப் பளபளக்கும். "தங்கம் கலந்திருக்குடி!" என்று கிளம்பிய பேச்சில் அதைப் பதுக்கியவர்கள் உண்டு. லட்சுமி பூஜைக்கு 108 காசு வேண்டும் என்று தேடியவர்களும் உண்டு. உண்மையில் அது செம்போடு அலுமினியமும் நிக்கலும் சேர்ந்த உலோகம். பொட்டுத் தங்கம் கிடையாது.

வயசுக்கு விலை இல்லை!

"எங்க தாத்தா காலத்துக் காசு. நூறு வருஷம் ஆச்சு. விலை இருக்கத்தானே செய்யும்?" என்று கேட்பவர்கள் அதிகம்.

அதுதான் இல்லை!

மதுரையிலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. வைகைக் கரையிலும் மதுரை நகரிலும் சின்னஞ்சிறு ரோமானியச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வயது ஆயிரத்து ஐநூறு வருடத்துக்கு மேல். பாண்டியனின் மீன் போட்ட செப்புக் காசு, 14-ம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்கள் அடித்த காசு, நாயக்கர் காலத்துச் சிறு காசு, எல்லாமே பல நூறு வருடப் பழமை. ஆனாலும் இவற்றில் சாதாரண வகைகள் சேகரிப்பாளர்களிடையே நூற்றுக்கணக்கான ரூபாயிலேயே கைமாறுகின்றன. காரணம், நிறையக் கிடைத்திருக்கின்றன.

நம் பேச்சு வழக்கிலேயே ஒரு காசு இருக்கிறது: ஓட்டைக் காலணா! இரண்டாம் உலகப் போர் நேரத்தில் செம்பு தட்டுப்பாடு. அதனால் 1943 முதல் நடுவில் ஓட்டை போட்டு அந்தக் காலணாவை அடித்தார்கள். 1947 வரை அது வந்தது. "ஓட்டைக் காலணா பெறாது" என்று திட்டுவது அப்போதே வந்து விட்டது. ஏராளமாக அடித்த காசு என்பதால் இன்றைக்கும் அது எவரையும் பணக்காரர் ஆக்காது.

வெள்ளி ரூபாய்: காந்தம் சொல்லும் உண்மை

கிராமத்து வீடுகளில் இன்னும் கிடக்கும் ராணி காசு, ராஜா காசு விஷயம் கொஞ்சம் வேறு. இவற்றுக்கு அடிமட்ட விலை ஒன்று உண்டு. அது வெள்ளியின் விலை.

விக்டோரியா காலம் முதல் 1939 வரை அடித்த ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம். நூற்றில் 91.7 பங்கு வெள்ளி. அதாவது ஒரு ரூபாய்க்குள் 10 கிராமுக்கு மேல் வெள்ளி இருக்கிறது. 1940 முதல் 1945 வரை அடித்தவற்றில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ம் ஆண்டு ரூபாய், புலி படம் போட்டது, வெள்ளியே அல்ல. முழுக்க நிக்கல். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போனால் ஒட்டிக் கொள்ளும். வெள்ளி ஒட்டாது.

"47 வெள்ளி ரூபாய்" என்று சொல்லி எவராவது விற்க வந்தால் ஒரு காந்தமே போதும்.

வெள்ளி விலைக்கு மேல் விலை போகும் அபூர்வ ரூபாய்களும் உண்டு. 1939-ம் ஆண்டு போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அதில் ஒன்று. கிடைப்பது கஷ்டம் என்பதால் நல்ல கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் தில்லுமுல்லும் இருக்கும். ஆண்டு எண்ணைச் சுரண்டி 39 ஆக்கிய போலிகள் உலவுகின்றன.

இன்னொன்று "பன்றி ரூபாய்". 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் படத்தோடு வந்த ரூபாயில், அவர் அணிந்திருந்த மாலையில் ஒரு யானை. ஆனால் தும்பிக்கை குட்டையாகப் பொறிக்கப்பட்டதால் பார்வைக்குப் பன்றி போல இருந்தது. மக்களிடையே சலசலப்பு எழுந்தது. காசைத் திரும்ப வாங்கி உருக்கி, 1912 முதல் யானையைச் சரிசெய்து அடித்தார்கள். தப்பிப் பிழைத்தவை சேகரிப்பாளர் கைகளில் இருக்கின்றன. இப்படி ஒரு நியாயமான காரணம் இருந்தால்தான் காசுக்கு விலை. வெறுமனே "அபூர்வம்" என்று சொல்வதால் எதுவும் அபூர்வம் ஆகிவிடாது.

100 ரூபாய் காசு 10 ஆயிரம்

சில காசுகளுக்கு முகமதிப்பை விட விலை அதிகமாக இருப்பதைப் பார்த்து மக்கள் குழம்புவதும் உண்டு.

கலைஞர் கருணாநிதி நூற்றாண்டு நினைவாக 100 ரூபாய் நாணயம் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந்தேதி சென்னையில் வெளியிடப்பட்டது. மத்திய மந்திரி ராஜ்நாத்சிங் வெளியிட்டார். அந்த நாணயம் அண்ணா அறிவாலயத்தில் 10 ஆயிரம் ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் தலைவர் மீதுள்ள பற்றுக்காக வாங்கினார்கள். இது கடைத்தெருவில் செலவழிக்கும் காசு அல்ல. பாதி வெள்ளி கலந்து, சேகரிப்போருக்காகவே அடிக்கப்படும் நினைவு நாணயம்.

தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக அடித்த 1000 ரூபாய் நாணயமும் இதே வகை. இப்படிப்பட்ட நாணயங்களை மத்திய அரசின் நாணய ஆலைகளே முன்பதிவு செய்து கொண்டு விற்கின்றன. முகமதிப்பு ஒன்று, ஆலை விற்கும் விலை வேறு. அந்த விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறவர், நாளைக்குத் தன்னை விட ஆசைக்காரர் ஒருவர் வருவார் என்று நம்பி வாங்குகிறார். வரலாம். வராமலும் போகலாம்.

அமெரிக்காவிலும் இதே கூத்து

காசு ஊகத்தில் கை சுட்டுக் கொண்டவர்கள் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் டென்வர் நாணய ஆலை 1950-ம் ஆண்டு 5 சென்ட் காசை 26 லட்சத்துச் சொச்சம்தான் அடித்தது. மற்ற வருடங்களோடு பார்த்தால் குறைவு. "குறைவு" என்ற சேதி பரவியதும், ஆளாளுக்குப் புதுக்காசுக் குழல்களை வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். ஒரு குழலில் 40 காசு. முகமதிப்பு 2 டாலர். 1964-ல் அதன் விலை 1,200 டாலர் வரை போனது!

பிறகு விலை பொத்தென்று விழுந்தது. ஏன்? எல்லாரும் வாங்கினார்கள். எவரும் செலவழிக்கவில்லை. அடித்த காசெல்லாம் புத்தம் புதிதாக அப்படியே பெட்டிகளில் இருந்தது. எல்லாரும் விற்க வந்தபோது வாங்க ஆள் இல்லை. அறுபது வருடம் கடந்தும் அந்த உச்சத்தை அது மறுபடி எட்டவில்லை.

வெள்ளியிலும் இதே ஆட்டம் நடந்தது. டெக்சாசைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள் உலகச் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. மார்ச் 27-ந்தேதி 11 டாலருக்கும் கீழே விழுந்தது. உச்ச விலையில் வாங்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள். இடையில் 2011-ல் ஒரு முறை நெருங்கியதே தவிர, வெள்ளி அந்த 50 டாலரைத் தாண்ட 2025 அக்டோபர் வரை ஆயிற்று. 45 வருடம்!

ஊக வியாபாரத்தில் லாபம் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் சேதி வீதிக்கு வரும்போது அவர்கள் விற்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஈமு கோழி, மண்ணுளிப் பாம்பு, "ராமர் காசு"

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2012-ல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன! மண்ணுளிப் பாம்புக்குக் கோடி ரூபாய் என்றார்கள். கோவில் கலசத்தில் இரிடியம் என்றார்கள். அரிசியை இழுக்கும் செம்புக் காசு என்றார்கள். 2014-ல் வந்த "சதுரங்க வேட்டை" படத்தில் இந்த வித்தைகளைப் பார்த்து தியேட்டரில் சிரித்தோம். வெளியே வந்த பிறகும் ஏமாறுகிறவர்கள் ஏமாந்து கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரிசி இழுக்கும் காசு என்று காட்டப்படும் பொருள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமார். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆங்கிலத்தில் எழுத்து. 1616, 1717, 1818 என்று அடுக்கான ஆண்டு எண். "அரையணா" என்றும் போட்டிருக்கும்.

கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது! கம்பெனி ஆட்சியில் நாடு முழுமைக்கும் ஒரே சீரான நாணயம் வந்ததே 1835-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். சாமி படம் போட்ட இந்த வில்லைகள் பிற்காலத்தில் பக்திக்காகவும் வியாபாரத்துக்காகவும் செய்தவை. பூஜை அறையில் வைத்துக் கும்பிடலாம். லட்சம் கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

வைகை மணலில் போன உண்மைப் புதையல்

இதில் பெரிய வேடிக்கை எது தெரியுமா? ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சம் கேட்கும் இதே மதுரைச் சீமையில், உண்மையிலேயே விலைமதிப்பற்ற காசுகள் எடைக்கு எடை பழைய செம்பாகப் போயிருக்கின்றன.

ஆற்று மணலில் அரித்தெடுத்த கறுத்த காசு எவர் கண்ணுக்கும் காசாகத் தெரியாது. பாத்திரக் கடைக்கும் உருக்குப் பட்டறைக்கும் போனது போக, மிஞ்சியதைத் தேடிப் பிடித்த சிலரால்தான் நமக்கு வரலாறு கிடைத்தது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரியார் டிரேசி, 1880-களிலேயே பாண்டியர் காசுகளைச் சேர்த்து ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

அதற்கு நூறு வருடம் கழித்து, 1980-களில், நாணயவியல் அறிஞரும் தினமலர் ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு காசை வெளிப்படுத்தினார். அதில் பழந்தமிழ் எழுத்தில் "பெருவழுதி" என்று இருந்தது. சங்க நூல்களில் மட்டுமே படித்து வந்த பாண்டியன் பெயர், காசில்! 2021 மார்ச் 4-ந்தேதி மறைந்த கிருஷ்ணமூர்த்தி, சங்ககால நாணயங்கள் பற்றிப் புத்தகங்களும் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் காசு உருக்குப் பட்டறைக்குப் போயிருந்தால் அதன் விலை சில பைசா. ஒரு வரலாறே போயிருக்கும்.

மதுரைக்கு அருகே கீழடி வட்டாரத்திலும் இதே பாடம்தான். 2020-ல் அகரம் அகழாய்வில் ஒரு பொன் காசு கிடைத்தது. வீரராயன் பணம் என்று பெயர். எடை 300 மில்லிகிராம்! நகைக் கடைத் தராசில் வைத்தால் அரை கிராம் கூட இல்லை. கீழடியில் கிடைத்த முத்திரை பதித்த வெள்ளிக் காசு பற்றி 2021 செப்டம்பரில் முதல்-அமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டு முந்தியது என்றார். இவற்றின் பெறுமானம் உலோகத்தில் இல்லை. எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருக்கிறது. ஆசையில் தோண்டி எடுத்துவிட்டால் அந்தப் பெறுமானம் அதோடு காலி.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலத்தில் புதைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இது 1878-ம் ஆண்டு புதையல் சட்டம். மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. தெரிவித்தால் கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு. அரசே எடுத்துக் கொண்டால், உலோக மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு, 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் எவரும் வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது. "லண்டன் பார்ட்டி வாங்குறாரு" என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார், இல்லையென்றால் உங்களையும் ஜெயிலுக்குக் கூட்டிப் போகிறார்.

புழக்கத்தில் உள்ள காசை உருக்குவதும் குற்றம். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டத்தில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. 2007-ல் நம் ஒரு ரூபாய்க் காசுகளை வங்கதேசத்துக்குக் கடத்தி, ஒரு காசில் ஐந்து முதல் ஏழு பிளேடு வரை செய்து விற்ற கும்பல் பற்றிய செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது.

என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் பழைய காசு இருந்தால் முதலில் ஒன்றைச் செய்யாதீர்கள். புளி போட்டு விளக்காதீர்கள்! பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று தேய்த்தால், இருக்கிற விலையும் போய்விடும். சேகரிப்பவர் விரும்புவது காலம் ஏற்றிய இயற்கையான நிறத்தை.

ஆண்டு எண்ணுக்குக் கீழே சிறு குறி இருக்கிறதா என்று பாருங்கள். வைரக்குறி என்றால் மும்பை ஆலை. நட்சத்திரம் என்றால் ஐதராபாத். புள்ளி என்றால் நொய்டா. குறியே இல்லை என்றால் கல்கத்தா. ஒரே ஆண்டில் ஓர் ஆலை நிறையவும் இன்னோர் ஆலை கொஞ்சமாகவும் அடித்திருக்கும். விலையில் வித்தியாசம் வருவது இந்த இடத்தில்தான்.

இணையத்தில் "கேட்கும் விலை"யைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு கோடி என்று எவர் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். ஏலத்தில் உண்மையாக விற்று முடிந்த விலை எவ்வளவு என்று பாருங்கள். ஒரே ஆளிடம் கேட்காமல் இரண்டு மூன்று பேரிடம் நேரில் காட்டுங்கள். மிகப் பழைய காசு என்றால் தொல்லியல் துறையினரிடமோ, தமுக்கம் அருகே காந்தி மியூசிய வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்திலோ விசாரிக்கலாம்.

காசை விற்பவர் நீங்கள். பணம் தர வேண்டியவர் அவர். நீங்கள் ஏன் பீஸ் கட்ட வேண்டும்? பூ விற்கிற அம்மாவிடம் எவராவது "பூ வாங்கிக்கிறேன், முதல்ல நூறு ரூபா கட்டு" என்று சொல்வார்களா? அப்படிச் சொன்னால் அந்த அம்மா என்ன பதில் சொல்லும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செல்போனில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் போடுறேன், ரகசிய எண்ணை அழுத்துங்க" என்றால் உங்கள் கணக்கில் இருந்து பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணம் கைமாறும் முன் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டு விழுமே என்று இரண்டு நாள் தாமதித்தால் பணம் எங்கெங்கோ போய்விடும்.

தாத்தா வைத்துப் போன காசு பெட்டியிலேயே இருக்கட்டும். பேரப்பிள்ளைக்கு எடுத்துக் காட்டுங்கள். வாங்க வருபவர் நேரில் வரட்டும், கையில் ரொக்கத்தோடு வரட்டும். செல்லூரில் அன்று பிரியாணியாவது கண்ணெதிரே இருந்தது!